தேய்க்காதீர்கள், கழுவுங்கள்!

ஆடி மாதம் பிறந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் காற்று சும்மா இருக்காது. மலைக் கணவாய் வழியாக இரைந்துகொண்டு வரும். கொடியில் காயும் துணி அடுத்த தெருவுக்குப் போய்விடும். புழுதி வீட்டுக்குள் வந்து பாயில் படுத்துக்கொள்ளும். அந்தப் புழுதிக்கு இப்போது இன்னோர் இடமும் கிடைத்திருக்கிறது. மாடியில் இருக்கும் சோலார் தகடு!

சின்னமனூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். மாடியில் ஓர் அம்மாள் குந்தி உட்கார்ந்து சோலார் தகட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கையில் பாத்திரம் விளக்கும் கம்பி நார். பக்கத்தில் ஒரு வாளி. வாளி நிறையத் துணி சோப்புத்தூள் கரைத்த தண்ணீர். அதற்குப் பக்கத்தில் கழிவறைக்கு ஊற்றும் ஆசிட் பாட்டில்!

"என்னம்மா செய்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"அழுக்குப் போக மாட்டேங்குது தம்பி. அழுத்தித் தேச்சாத்தானே பளபளன்னு ஆகும்?" என்றார்.

அவர் மீது குற்றம் இல்லை. தகட்டை மாட்டியவர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். எப்படிக் கழுவுவது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு புத்தகம் கொடுத்தார்களாம். அது இங்கிலீஷில் இருந்தது. அந்த அம்மாள் அதைப் பத்திரமாகப் பீரோவில் வைத்திருந்தார்.

அவருக்குச் சொன்னதையே இங்கே எல்லோருக்கும் சொல்கிறேன்.

அது பாத்திரம் அல்ல

சூரிய வெளிச்சத்தில் இருந்து மின்சாரம் எடுக்கும் சிலிக்கான் வில்லையை 1954-ல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் செய்து காட்டினார்கள். விழுந்த வெளிச்சத்தில் 100-க்கு 6 பங்கைத்தான் அது மின்சாரமாக மாற்றியது. 1958-ல் "வான்கார்டு" என்ற சின்னச் செயற்கைக்கோளில் அந்த வில்லைகளை வைத்து விண்வெளிக்கு அனுப்பினார்கள். அங்கே புழுதி இல்லை. காக்கை இல்லை. துடைக்கும் வேலையும் இல்லை. நம் வீட்டு மாடியில் எல்லாம் உண்டு!

இன்று கடையில் விற்கும் தகடு 100-க்கு 20 பங்கு அளவில் மாற்றுகிறது. அதற்கு ஒரு காரணம் மேலே இருக்கும் கண்ணாடி. அது சாதாரண ஜன்னல் கண்ணாடி அல்ல. சூடேற்றிப் பதப்படுத்திய கண்ணாடி. பெரும்பாலான தகடுகளில் அதன் மேல் மெல்லிய பூச்சு ஒன்றும் இருக்கும். வெளிச்சம் பட்டுத் திரும்பிப் போய்விடாமல் உள்ளே இழுத்துக்கொள்வது அந்தப் பூச்சின் வேலை.

கம்பி நார் போட்டுத் தேய்த்தால் அழுக்கோடு பூச்சும் போகும். கண்ணாடியில் கீறல் விழும். கீறலில் புழுதி போய் உட்காரும். மறுபடி தேய்க்கத் தோன்றும். மறுபடி கீறல். இப்படியே போனால் 25 ஆண்டு உழைக்க வேண்டிய தகடு சீக்கிரமே மங்கிப் போகும்.

புழுதியால் என்ன நஷ்டம்?

1 கிலோவாட் தகடு நல்ல வெயிலில் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் மின்சாரம் தரும். 3 கிலோவாட் என்றால் 12 யூனிட். புழுதி படிந்து பத்தில் ஒரு பங்கு குறைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்கு 36 யூனிட் போச்சு!

குஜராத்தில் காந்திநகர் ஐ.ஐ.டி.யில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து செய்த ஆராய்ச்சி அது. 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். பல வாரம் துடைக்காமல் விட்ட தகட்டைத் துடைத்ததும், மின்சாரம் முன்னைவிடப் பாதியளவு கூடியது. வாகனப் புகை, அடுப்புப் புகை போன்றவற்றின் நுண்ணிய துகள் மண் புழுதியைவிட ஒட்டிப் பிடிக்கிறது என்றும் கண்டார்கள்.

புழுதியைவிடக் கெட்டது பறவை எச்சம். தகட்டுக்குள் இருக்கும் வில்லைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை. வாய்க்காலில் ஓர் இடத்தில் மண் சரிந்து அடைத்துக்கொண்டால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது அல்லவா? அதேபோல் ஒரு வில்லையை எச்சம் மூடிவிட்டால் அந்த வரிசை முழுதும் மின்சாரம் குறையும். மூடிய வில்லை சூடாகிக் கருகிப் போவதும் உண்டு.

"மழை பெய்தால் தானே கழுவிவிடும்" என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. ஐப்பசி, கார்த்திகை அடைமழை நன்றாகவே கழுவும். ஆனால் தை முதல் சித்திரை வரை என்ன செய்வது? லேசான தூறல் விழுந்தால் இன்னும் மோசம். புழுதி சேறாகி, தகட்டின் கீழ் ஓரத்தில் கட்டியாக நின்றுவிடும்.

எவை கூடாது?

கம்பி நார் கூடாது. தேங்காய் நார் கூடாது. சாம்பல், செங்கல் பொடி, பாத்திரம் விளக்கும் பவுடர் கூடாது. இவை எல்லாம் கீறும்.

கழிவறை ஆசிட் கூடவே கூடாது. தகட்டைச் சுற்றி இருப்பது அலுமினியச் சட்டம். ஆசிட் அதை அரிக்கும். ஓரத்தில் அடைத்திருக்கும் பசையையும் கெடுக்கும். பிறகு மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். புளியும் எலுமிச்சையும் பித்தளைக் குடத்துக்கு நல்லது, இதற்கு வேண்டாம். சலவைச் சோடாவும் அலுமினியத்துக்கு ஆகாது. துணி சோப்புத்தூள் வெள்ளையாகப் படிந்து நிற்கும். அதில் புழுதி இன்னும் சீக்கிரம் ஒட்டும்.

வண்டி கழுவும் வேக மோட்டாரும் வேண்டாம். தோட்டத்தில் மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரும் வேண்டாம். அந்த வேகத்தில் தண்ணீர் ஓரத்து அடைப்பைத் தாண்டி உள்ளே போகும். பின்பக்க ஒயர்ப் பெட்டிக்குள் புகுந்தால் ஆபத்து.

எவை வேண்டும்?

ஒரு வாளி நல்ல தண்ணீர். ஒரு மெல்லிய பஞ்சு, அல்லது பழைய பருத்திப் புடவைத் துண்டு. ரப்பர் வைத்த தண்ணீர் தள்ளும் கட்டை. எட்டாத இடத்துக்கு நீளக் கைப்பிடி போட்ட மெத்தென்ற பிரஷ். அவ்வளவுதான்!

முதலில் தண்ணீரை ஊற்றுங்கள். மண் துகள் ஓடட்டும். உலர்ந்த தகட்டில் உலர்ந்த துணியைப் போட்டு இழுக்கவே கூடாது. மண்ணே உப்புத்தாள் மாதிரி கீறிவிடும். தண்ணீர் ஓடிய பிறகு பஞ்சால் மேலிருந்து கீழாக மெல்லத் துடையுங்கள். ரப்பர்க் கட்டையால் தண்ணீரை வழித்துவிடுங்கள்.

எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், பாத்திரம் கழுவும் திரவ சோப்பில் சில சொட்டு போதும். ஒரு வாளித் தண்ணீருக்குச் சில சொட்டு! பிறகு நல்ல தண்ணீரால் அலச வேண்டும். பறவை எச்சம் காய்ந்து போயிருந்தால் சுரண்டாதீர்கள். ஈரத் துணியை அதன் மேல் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். ஊறிய பிறகு தானே வரும்.

சோலாருக்கு என்றே தனி மருந்து சிலர் விற்கிறார்கள். வீட்டு மாடிக்கு அது அவசியம் இல்லை என்பது என் கருத்து. அந்தக் காசுக்கு நல்ல பிரஷ் ஒன்று வாங்கலாம்.

தண்ணீரிலும் வித்தியாசம் உண்டு

போர்த் தண்ணீர் காய்ச்சிய பானையின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே உப்பு தகட்டிலும் படியும். ஆகவே கடைசி அலசலுக்கு மழைத் தண்ணீர் நல்லது. ஆற்றில் இருந்து வரும் குடிநீர்க் குழாய்த் தண்ணீரும் பெரும்பாலும் உப்புக் குறைந்ததுதான். போர்த் தண்ணீரைத் தவிர வேறு வழி இல்லை என்றால், காயவிடாமல் உடனே வழித்துவிடுங்கள்.

வீட்டில் ஆர்.ஓ. மெஷின் இருக்கும். அதில் இருந்து கழிவாக வரும் தண்ணீரைச் சிக்கனமாகச் சேர்த்து வைத்திருப்பீர்கள். நல்ல பழக்கம். ஆனால் அதைத் தகட்டுக்கு ஊற்றாதீர்கள். குடிதண்ணீரில் இருந்து பிரிந்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது!

திராட்சைத் தோட்டத்துக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பந்தலுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடிக்கிறீர்கள். பக்கத்தில் பம்புசெட்டுக்குச் சோலார் தகடு நிற்கும். காற்றில் மருந்து அதன் மேல் படிந்து நீலமும் வெள்ளையுமாகக் காயும். காய்ந்தால் எடுப்பது கஷ்டம். மருந்தடித்த அன்றே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

உயிர்தான் முதல்

சோலார் மின்சாரம் சாதுவானது என்று நினைக்காதீர்கள். பல தகடுகளைக் கோத்துக் கட்டும்போது 200 வோல்ட்டுக்கும் மேலே போய்விடும். வீட்டில் மெயின் சுவிட்சை அணைத்தாலும், வெளிச்சம் விழுகிற வரை தகட்டிலும் அதன் ஒயரிலும் மின்சாரம் இருக்கும். மாட்டியவரிடம் எந்தச் சுவிட்சை முதலில் அணைப்பது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கண்ணாடி விரிசல் விட்டிருந்தால் தண்ணீர் ஊற்ற வேண்டாம். அணிலோ எலியோ ஒயரைக் கடித்திருந்தால் தொடவே வேண்டாம். மின்சார வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

நடுப்பகலில் கழுவாதீர்கள். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடிக்கக் கூடும். பொழுது விடிகிற நேரம் நல்லது. பனி ஈரத்தில் புழுதியும் ஊறியிருக்கும்.

தகட்டின் மேல் ஏறி நிற்காதீர்கள். கண்ணாடி தாங்கினாலும் உள்ளே வில்லை நொறுங்கும். வெளியே தெரியாது. சிமெண்ட் ஷீட் கூரையில் கால் வைக்காதீர்கள். ஷீட் உடைந்து கீழே விழுந்தால் என்ன ஆகும்? கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். ஆடிக் காற்று அடிக்கும் நாளில் யாரும் ஏற வேண்டாம். மேலே மின்சாரக் கம்பி போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே இரும்புக் கம்போ அலுமினிய ஏணியோ தூக்கினால் உயிருக்கே ஆபத்து. ஒருவர் ஏறினால் இன்னொருவர் கூட இருக்கட்டும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை கழுவுவது? தினமும் வேண்டியதில்லை. தண்ணீரும் வீண், மாடி ஏறும் ஆபத்தும் அதிகம். மீட்டரைப் பாருங்கள். போன வாரம் நல்ல வெயிலில் எத்தனை யூனிட் காட்டியது? இன்றும் அதே வெயில். யூனிட் குறைந்திருக்கிறதா? அப்படியானால் கழுவுங்கள். காற்றும் புழுதியுமான காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். அடைமழைக் காலத்தில் அதுவும் தேவை இல்லை.

யார் சொல்லித் தருவது?

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் பெரிய சோலார் மின் நிலையம் இருக்கிறது. 2016-ல் திறந்தார்கள். 648 மெகாவாட். சுமார் 25 லட்சம் தகடுகள். அவற்றைத் துடைக்க ரோபோ வைத்தார்கள். பெரிய முதலாளிக்கு, துடைக்கும் வேலை எவ்வளவு முக்கியம் என்று தெரிந்திருக்கிறது.

நம் வீடுகளில் ரோபோ யார்? வீட்டுப் பெண்கள்தான்! சமையல், துவையல், பிள்ளைகள் என்று இருக்கும் வேலையோடு இதுவும் அவர்கள் தலையில் விழுந்திருக்கிறது. வேலையைக் கொடுத்தவர்கள் விவரத்தைக் கொடுக்க வேண்டாமா?

2024-ல் மத்திய அரசு ஒரு கோடி வீடுகளுக்குச் சோலார் வைக்கத் திட்டம் அறிவித்தது. 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றார்கள். நல்ல திட்டம். மக்கள் வரிப்பணம் அது. அந்தப் பணத்தில் வாங்கிய கண்ணாடியைக் கம்பி நாரும் ஆசிட்டும் தின்னலாமா?

தகடு மாட்டுகிறவர்கள் இரண்டு காரியம் செய்ய வேண்டும். பெரிய எழுத்தில் தமிழில் ஒரு தாள் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். புதிதாகப் படிக்கக் கற்றவரும் படிக்கும்படி இருக்க வேண்டும். படம் போட்டிருந்தால் இன்னும் நல்லது. இரண்டாவது, வீட்டு ஆட்களை நிறுத்தி ஒரு முறை கழுவிக் காட்ட வேண்டும். அரை மணி நேர வேலை. கொடுக்காவிட்டால் நீங்களே கேளுங்கள். கேட்டு வாங்கிய பிறகு கடைசித் தவணைப் பணத்தைக் கொடுங்கள்!

அந்த அம்மாள் கம்பி நாரைக் கீழே வைத்துவிட்டார். "அப்போ பழைய சேலைத் துணி போதுமா தம்பி?" என்று கேட்டார்.

"போதும் அம்மா. ஆனால் முதலில் தண்ணீரை ஊற்றுங்கள். அதுவும் வெயில் தாழ்ந்த பிறகு" என்றேன்.