அறுபதைக் காணாத மண்டபம்

புது டில்லிப் பிரகதி மைதானத்தில் நின்ற ‘ஹோல் ஒஃப் நேஷன்ஸ்’ என்னும் கண்காட்சி மண்டபம் 2017 ஏப்ரல் மாதத்தில் ஓரிரவில் இடித்துத் தள்ளப்பட்டது. இந்திய சுதந்திரத்தின் வெள்ளிவிழாவை ஒட்டி 1972இல் எழுந்த மண்டபம் அது. பிற நாடுகளில் உருக்கினால் பின்னப்படும் பெருஞ் சட்டகத்தை, உருக்கு அரிதாயிருந்த அக்காலத்தில், தொழிலாளர் தம் கைகளால் கொங்கிறீற்றில் வார்த்தெடுத்தனர். கட்டிடக்கலைஞர் ராஜ் ரேவாலும் பொறியியலாளர் மகேந்திர ராஜும் ஒரு நாட்டின் வறுமையையே அதன் அழகாக மாற்றிக் காட்டினர்.

அதனைக் காக்குமாறு வேண்டியோருக்குக் கிடைத்த விடை யாது? அறுபது ஆண்டு நிறையாத கட்டிடம் மரபுச் சின்னமாகக் கருதப்படமாட்டாது என்றது டில்லியின் மரபுப் பாதுகாப்புக் குழு. மண்டபத்துக்கு அப்போது வயது நாற்பத்தைந்து. அதே மைதானத்தில் 2023இல் பாரத் மண்டபம் திறந்துவைக்கப்பட்டது.

காலத்தை அளவுகோலாகக் கொள்ளும் இப்போக்கு நமக்கும் புதியதன்று. இலங்கையின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் தொல்பொருளுக்கு வகுத்த பொது எல்லை 1815 மார்ச் 2ஆம் நாள். அக்காலத்தில் இரும்புக் கம்பி பொதிந்த கொங்கிறீற்று என்பதே உலகில் இல்லை.

கல்லைப்போல் நிலைக்கும் என நம்பப்பட்ட கொங்கிறீற்றும் மூப்பு எய்துவதே. காற்றிலுள்ள கரியமிலவாயு மெல்ல உட்புகுந்து, கம்பியைத் துருவினின்று காக்கும் காரத்தன்மையைக் குறைக்கிறது. ஈரமுஞ் சேரக் கம்பி துருவேறிப் பருத்து, மேலோட்டைப் பிளந்து தள்ளுகிறது. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இக்கேட்டை விரைவுபடுத்தும்.

இந்நோய்க்கு மருந்துண்டு. பழுதுற்ற பகுதியைக் கொத்தியெடுத்துக் கம்பியைத் துலக்கிப் புதுக் கலவை இட்டால் கட்டிடம் பிழைக்கும். ஆனால், அவ்விடத்தில் கிடைத்த சீமெந்தைப் பூசி, ஒட்டு வேலையை மறைக்கச் சாயமும் அடித்துவிட்டால், உடல் பிழைத்தும் முகம் போய்விடும். வார்ப்புப் பலகையின் நரம்புத் தடங்களே அம்முகம். பழைய மணல், கல் ஆகியவற்றின் நிறத்தையும் பருமனையும் ஆராய்ந்து, மறைவானதோர் இடத்தில் மாதிரி வார்த்துப் பார்த்த பின்னரே வெளிச்சுவரில் கைவைத்தல் வேண்டும். புதிய மின்கம்பிகளும் குளிரூட்டிகளும் வருவதைத் தடுக்கவேண்டியதில்லை. அவை எவ்வழியே செல்லுமென்பதை முன்னரே வகுத்துக்கொண்டால் போதும்.

இது கைகூடாத கனவன்று. சண்டிகாரில் பியெர் ஜீனரே அமைத்த காந்தி பவனுக்குப் பாதுகாப்புத் திட்டம் வகுக்க 2015இல் கெட்டி அறக்கட்டளை நிதி வழங்கியது. அந்நகரில் லெ கொர்பூசியே எழுப்பிய அரசாங்க வளாகம் 2016இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அதற்கு மறுவாண்டே டில்லியில் சம்மட்டி விழுந்தது.

ஆகவே, வயதெல்லைக்கு அப்பாலுள்ள சிறந்த கட்டிடங்களையும் நாடுகள் இன்றே பட்டியலிடுதல் வேண்டும். அறுபது ஆண்டின் பின் காப்போம் என்னும் சட்டம், ஐம்பத்தொன்பதாம் ஆண்டில் இடிப்பவனை என்செய்யும்?