அந்தக் காசு எங்கே போச்சு?



குனிந்து நிற்கும் ஹிட்லர் பொம்மை. அவர் பின்பக்கத்தில் ஒரு பஞ்சுத் திண்டு. தைக்கும்போது குண்டூசியை அதில்தான் குத்தி வைக்க வேண்டும்! இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் விற்ற சாமான் இது. கோபமும் தீர்ந்தது, தையல் வேலைக்கும் ஆச்சு. வாங்கிய பெண்களைக் குறை சொல்ல மனம் வருமா?

1941 டிசம்பர் 7-ல் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரில் ஜப்பான் குண்டு போட்டதும் இந்த மாதிரிச் சரக்கு கடைகளில் குவிந்தது. 'பேர்ல் ஹார்பரை நினைவில் வை' என்று சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பின். அதில் 'பேர்ல்' (முத்து) என்ற சொல் இருக்காது, அந்த இடத்தில் ஒரு போலி முத்து இருக்கும். பட்டாளத்துக்குப் போனவனின் மனைவிக்கும் காதலிக்கும் தனியாக புரூச், லாக்கெட். உலோகத்துக்குத் தட்டுப்பாடு என்பதால் மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் சிப்பியிலும் செய்தார்கள். செம்பை மிச்சம் பிடிக்க 1943-ல் ஒரு சென்ட் காசையே எஃகில் அடித்த காலம் அது.

எனக்கு மிகவும் பிடித்தது தலையணை உறை. பளபளவென்று, ஓரமெல்லாம் குஞ்சம் வைத்து, அம்மாவைப் பற்றி நாலு வரி அச்சடித்திருக்கும். பயிற்சி முகாமிலிருந்து பையன் வாங்கி அனுப்புவான். அதில் எந்த அம்மாவாவது தலை வைத்துப் படுத்திருப்பாளா? வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எடுத்துக் காட்டியிருப்பாள். நம் வீட்டு அம்மாக்கள் மட்டும் என்ன செய்வார்கள்?

சரி, ஹிட்லர் பொம்மைக்குக் கொடுத்த காசு எங்கே போச்சு? கடைக்காரர் கல்லாவுக்குத்தான். வியாபாரம் என்றால் அப்படித்தான், அதில் தப்பில்லை. ஆனால் பொம்மை வாங்கியதோடு நாட்டுக்கான கடமை முடிந்தது என்று வீட்டுக்குப் போனால்?

அதே அமெரிக்காவில் போர்ச் சேமிப்பு ஸ்டாம்பும் விற்றார்கள். 25 சென்ட் ஸ்டாம்ப் 75 சேர்ந்தால் 18 டாலர் 75 சென்ட். அதைக் கொடுத்து அரசாங்கக் கடன் பத்திரம் (பாண்டு) ஒன்று வாங்கலாம். 10 வருடத்தில் 25 டாலராகத் திரும்பி வரும். பள்ளிப் பிள்ளைகள்கூட ஆல்பத்தில் ஒட்டிச் சேர்த்தார்கள். பொம்மை அளவுக்கு வேடிக்கை இல்லைதான். ஆனால் அரசாங்கத்தின் கைக்குக் காசு, வீட்டுக்குச் சேமிப்பு. கெட்டிக்காரத்தனம் இதுதான்!

ஜன்னலில் தொங்கவிட்ட நட்சத்திரக் கொடியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். பட்டாளத்தில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நீல நட்சத்திரம். பிள்ளை போரில் இறந்துவிட்டால் அது பொன் நிறமாகும். அதுவும் விலைக்கு விற்றதுதான். ஆனாலும், அந்தத் தாயிடம் போய் யார் கணக்குக் கேட்பது?

நமக்கும் ஒரு டிசம்பர் 7 உண்டு. 1949 முதல் இந்தியாவில் அன்றுதான் படைவீரர் கொடி நாள். திரளும் நிதி முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் போகிறது. பைக்கில் தேசபக்தி ஸ்டிக்கர் ஒட்டுகிறீர்களா, தாராளமாக ஒட்டுங்கள். கொடி நாள் உண்டியல் உங்கள் முன் வரும்போது மட்டும் சட்டைப்பையில் சில்லறை தேடாதீர்கள். நோட்டாகவே போடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்