காற்றிலிருந்து உரம் எடுக்கும் உறுப்பு

‘த்ரைவ்’ என்ற இலவசக் கணினி விளையாட்டில் நாம் ஒற்றைச் செல் உயிராகத் தொடங்குகிறோம். அமோனியாவும் பாஸ்பேட்டும் போதிய அளவு சேர்ந்தால்தான் இனம் பெருக்க முடியும். அமோனியாவைத் தேடி அலைய அலுத்தவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு: செல்லுக்கு உட்கரு வந்தபின் பிறழ்வுப் புள்ளிகளைச் செலவழித்து, நைட்ரஜனை அமோனியாவாக்கும் கணிகம் ஒன்றை உள்ளே பொருத்திக்கொள்ளலாம். விளையாட்டில் அந்த உறுப்பு இடம்பெற்றபோது உயிரியல் அறிந்த எந்த உயிரிடமும் அது இல்லை. அந்த வேலையைச் செய்பவையாக அன்று அறியப்பட்டவை பாக்டீரியாக்களும் ஆர்க்கியாக்களும் மட்டுமே. நிலக்கடலைச் செடிகூட வேர்முடிச்சில் பாக்டீரியாவைக் குடிவைத்துத்தான் காரியம் சாதிக்கிறது.

2024 ஏப்ரலில் ‘சயின்ஸ்’ இதழில், ஒரு கடற்பாசியின் செல்லுக்குள் நைட்ரஜனைப் பிடிக்கும் உறுப்பான நைட்ரோபிளாஸ்ட் பற்றிய ஆய்வு வெளிவந்ததும், விளையாட்டு முன்கூட்டியே சரியாகச் சொல்லிவிட்டது என்று கொண்டாடத் தோன்றும். கலிபோர்னியாவின் ஜொனாதன் சேர் பசிபிக் கடல்நீரில் நைட்ரோபிளாஸ்டின் மரபணுத் தடயத்தை 1998இல் கண்டார். அதைச் சுமக்கும் கடற்பாசியை ஆய்வகத்தில் வளர்க்க ஜப்பானின் கியோகோ ஹகினோ பத்தாண்டுக்கு மேல் பாடுபட்டார். பாசி பிளவுறும்போது உள்ளிருப்பதும் கூடவே பிளவுறுகிறது; தனக்குத் தேவையான புரதங்களில் பலவற்றைப் பாசியிடமிருந்தே பெறுகிறது. ஆகவே அதைக் குடியிருப்பாளர் என்று சொல்லாமல் உறுப்பு என்றே அழைத்தார்கள். ஆனால் விளையாட்டின் ஊகம் பலித்தது பெயரளவில்தான் என்பேன். நைட்ரோபிளாஸ்ட் யாரும் பொருத்திய பாகமல்ல. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் உள்ளே வந்த ஒரு சயனோபாக்டீரியா, தன் மரபணுக்களில் பலவற்றை இழந்து அடைந்த நிலை அது.

விளையாட்டில் இந்தக் கணிகம் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைக் கேட்கிறது, அதுவரை சரி. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்க நைட்ரஜனேஸ் நொதிக்குக் குறைந்தது 16 ஏடிபி வேண்டும். விட்டுப்போனது ஆக்சிஜனால் வரும் தீங்கு. ஆக்சிஜன் பட்டால் இந்த நொதி கெட்டுவிடும். அதனால்தான் போலும், நைட்ரோபிளாஸ்டின் மூதாதை, ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜனை வெளியிடும் பகுதியையே கைவிட்டது. மண்ணில் வாழும் அசோட்டோபாக்டர் காற்றோட்டத்திலும் நைட்ரஜனைப் பிடிக்கிறதே என்று கேட்கலாம். பிடிக்கிறதுதான், ஆனால் உள்ளே வரும் ஆக்சிஜனைத் தீர்த்துக்கட்ட மலைமலையாகச் சர்க்கரையை எரித்துக்கொண்டே இருக்கிறது. விலையிலிருந்து தப்பவில்லை, வேறு நாணயத்தில் கட்டுகிறது.

விளையாட்டில் இவ்வளவு கறார் எதற்கு, பிறகு யார் விளையாடுவார்கள் என்பது நியாயமான மறுப்பு. ஆனால் ஆக்சிஜன் குறைந்த இடத்தில் ஒதுங்குவதா, கூடுதல் இரை தேடி எரித்துத் தீர்ப்பதா என்ற திண்டாட்டத்தைவிடச் சுவையான ஆட்டம் வேறென்ன இருக்கிறது? பிற்காலப் பதிப்புகளில், விழுங்கிய உயிரையே மெல்ல உறுப்பாக்கும் வழியும் சேர்ந்திருக்கிறது. நைட்ரோபிளாஸ்டின் வரலாற்றுக்கு அதுவே நெருக்கம். விளையாட்டுக்கு வெளியேயோ, நைட்ரஜனேஸைப் பயிர்ச் செல்லுக்குள் இயங்கவைக்க ஆய்வகங்கள் பல பத்தாண்டுகளாக மல்லுக்கட்டுகின்றன. நெல்வயலுக்கு இன்றும் யூரியா மூட்டைதான் போகிறது.