வலியைச் சொல்லுதல் பொறுமையின்மையன்று

ஜப்பான் நாட்டில் தோன்றிய 'ஷியாட்சு' என்னும் அழுத்த சிகிச்சை இன்று பல நாடுகளிலும் பரவியுள்ளது. 'ஷி' என்றால் விரல். 'அட்சு' என்றால் அழுத்தம். கட்டைவிரலாலும் உள்ளங்கையாலும் உடலை முறையாக அழுத்துவதே இதன் வழி. இதற்கு உருக்கொடுத்தவருள் முதன்மையானவர் தொக்குஜிரோ நாமிகோஷி (1905–2000). சிறுவனாயிருந்த காலத்தில் அவரது குடும்பம் குளிர் மிகுந்த ஹொக்கைடோ தீவிற்குக் குடியேறியது. அங்கே மூட்டுவலியால் வாடிய தாயின் உடலை அவர் தம் சிறு கைகளால் அழுத்திவிட்டதே இக்கலையின் தொடக்கம் என்பர். 1940-இல் தோக்கியோவில் அவர் பயிற்சிக்கூடம் நிறுவினார். இன்று ஜப்பானில் அரசுத் தேர்வில் தேறி உரிமம் பெற்றவரே இதனைத் தொழிலாகச் செய்ய இயலும்.

முதன்முறை இச்சிகிச்சை பெறுவோர் சற்றே திகைப்பதுண்டு. நோவே இல்லை என்றிருந்த இடத்தில் விரல் பட்டதும் வலி எழுகிறது. இதில் வியப்பில்லை. நெடுநேரம் ஒரே நிலையில் அமர்ந்தோ, சுமை தூக்கியோ இறுகிப்போன தசை அழுத்தினால் நோகும். மேலும் வலியின் அளவை விரல் மட்டுமே தீர்மானிப்பதில்லை. நரம்பும் மூளையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. உறக்கம் கெட்டவருக்கும், கவலையில் உழல்பவருக்கும், நாட்பட்ட நோயாளிக்கும் சிறு அழுத்தமே பெருநோவாகலாம். நேற்று இதமாயிருந்த அழுத்தம் இன்று தாங்கவொண்ணாததாகலாம். அது கோழைத்தனமன்று, உடலின் இயல்பு.

எனினும் எல்லா வலியும் ஒன்றன்று. அழுத்தும்போது மந்தமாய் நொந்து, மூச்சை மெல்ல விட்டதும் தளரும் வலி அஞ்சத்தக்கதன்று. மறுநாள் சற்று உடம்புவலியும் அசதியும் இருந்து, இரண்டொரு நாளில் மறைதலும் இயல்பே. ஆனால் குத்தல், எரிச்சல், மின்சாரம் பாய்வது போன்ற சுரீர் வலி, மரத்துப்போதல் ஆகியவை எச்சரிக்கைகள். அக்கணமே நிறுத்தச் சொல்ல வேண்டும். நோவு நாள்தோறும் மிகுமாயின் மருத்துவரை நாடவேண்டும். எலும்பு தேய்ந்து வலுவிழந்தோரும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும், கருவுற்ற தாய்மாரும், புற்றுநோயாளரும் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கலாகாது. ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கிச் சூடாக நொந்தால், அங்கே இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அதை அழுத்துவது உயிருக்கே ஆபத்து.

"வலிக்க வலிக்கத்தான் குணமாகும்" என்பாருமுண்டு. "நஞ்சு வெளியேறுகிறது" என்பாருமுண்டு. இவற்றிற்குத் தக்க ஆதாரம் இல்லை. இச்சிகிச்சை உடலுக்கு இளைப்பாற்றி தரலாம், மருத்துவத்திற்கு மாற்றாகாது.

இங்கே நம் மக்களிடையே காணும் ஒரு தவறான எண்ணத்தைக் குறிப்பிட விழைகிறேன். துன்பத்தை வாய்திறவாமல் தாங்குவதே புண்ணியம் என நம்மில் பலர், சிறப்பாகத் தாய்மார், கருதுகின்றனர். அதனால் நோவதைச் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொள்கின்றனர். தவிர்க்க இயலாத துன்பத்தைக் கிறிஸ்துவின் பாடுகளோடு ஒப்புக்கொடுப்பது மெய்யாகவே உயர்ந்தது. ஆனால் ஒரு சொல்லால் நீங்கக்கூடிய துன்பத்தை மறைப்பது சிலுவை சுமத்தலன்று. இறைவன் தந்த உடலை அசட்டை செய்வதேயாகும்.

பெத்சாயிதாவில் ஆண்டவர் பார்வையற்ற ஒருவரைக் குணமாக்கியதை மாற்கு நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவர்மேல் கைகளை வைத்தபின், ஏதேனும் தெரிகிறதா என்று இயேசு வினவுகிறார். அம்மனிதரும் ஒளிக்காமல், மனிதர் மரங்களைப் போலத் தோன்றுகின்றனர் என உள்ளதை உள்ளபடி கூறுகிறார். ஆண்டவர் அதற்காகச் சினங்கொள்ளவில்லை. மீண்டும் கைகளை வைத்து முழுப் பார்வை அளிக்கிறார். அனைத்தும் அறிந்தவரே கேட்டார் எனில், மனிதக் கரங்கள் கேளாதிருக்கலாமா? அந்த மனிதரே சொன்னார் எனில், நாம் சொல்லாதிருக்கலாமா?

நம் இல்லங்களிலும் பெற்றோருக்கும் முதியோருக்கும் கை கால் பிடித்துவிடும் நல்வழக்கம் உண்டு. பிள்ளைகளே, பிடித்துவிடும்போது "வலிக்கிறதா?" என்று அன்புடன் கேளுங்கள். பெரியோர்களே, தயங்காமல் உண்மையைச் சொல்லுங்கள். அக்கேள்வியும் மறுமொழியும் உள்ள குடும்பத்தில் வேறு பல வேதனைகளும் மறைந்து கிடக்கமாட்டா.