கதைக்கு எத்தனை பேர் வேண்டும்?

புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ கதையில் வாசகர் மனத்தில் தங்குபவர்கள் இரண்டே பேர். அவர்களில் ஒருத்தி கதை தொடங்கும்போதே இறந்துவிடுகிறாள். பிழைப்புக்காகச் சென்னைக்கு வந்து ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, மனைவியின் உடலைத் தாமே குளிப்பாட்டுகிறார். அந்த வீட்டில் ஒரு சித்தியோ மதினியோ உட்கார்ந்து ஒப்பாரி வைத்திருந்தால் இது எங்கும் நடக்கிற ஒரு சாவு வீட்டுக் கதையாகியிருக்கும். ஊரையும் உறவையும் விட்டு வந்த தம்பதியைப் பற்றிய கதை அது. கூட ஒரு ஆள் இல்லை என்பதுதான் அங்கே கதையே.

எழுத வருகிறவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு: சிறுகதை என்றால் ஆட்களைக் குறை, நாவல் என்றால் கூட்டிக்கொள்ளலாம். இது பாதி உண்மை. பக்க அளவை வைத்து ஆட்களை எண்ணுவது, பந்தலின் நீளத்தைப் பார்த்துக் கல்யாணத்துக்கு அழைப்பதைப் போன்றது. யாருக்கும் யாருக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதுதான் கதை. அங்கிருந்துதான் எண்ண வேண்டும்.

கணக்காகவே பார்க்கலாம். இரண்டு பேர் இருந்தால் அவர்களுக்கிடையே ஒரு உறவு. நான்கு பேர் என்றால் ஆறு உறவுகள். பத்துப் பேர் வந்துவிட்டால் நாற்பத்தைந்து! கூடுதலாக ஒருவரைக் கதைக்குள் அழைக்கும்போது எழுத்தாளர் ஒரு பெயரை மட்டும் சேர்ப்பதில்லை. ஏற்கெனவே அங்கிருக்கும் ஒவ்வொருவரோடும் அவருக்குள்ள ஒட்டையும் உரசலையும் தலையில் ஏற்றிக்கொள்கிறார். அதைச் சுமக்க மனமில்லாதபோதுதான், முதல் பக்கத்தில் காபி கொண்டுவரும் அண்ணி கடைசிப் பக்கம் வரை காபி மட்டுமே கொண்டுவருகிறாள்.

அப்படியானால் ‘பொன்னியின் செல்வன்’? 1950இல் கல்கி இதழில் தொடராக வரத் தொடங்கி, ஐந்து பாகங்களாக விரிந்த, எழுத்தாளர் கல்கியின் நாவல். அரசர்கள், சிற்றரசர்கள், ஒற்றர்கள், சதிகாரர்கள், ஓடக்காரப் பெண், பூ விற்கும் இளைஞன் என்று பெருங்கூட்டமே அதில் உண்டு. அதைப் படித்தவர்கள் வாரம் ஒருமுறை இதழ் வரக் காத்திருந்தவர்கள். போன வாரம் யார் யாரிடம் என்ன சொன்னார் என்பதை ஏழு நாள் நினைவில் வைத்திருக்க வேண்டியவர்கள். இருந்தும் அவர்கள் தடுமாறவில்லை. காரணம், கல்கி கையாண்ட வழி. கூட்டத்தை மொத்தமாக நம்முன் நிறுத்தாமல், வந்தியத்தேவன் என்ற ஒரே ஒருவனைக் குதிரையில் ஏற்றி, ஓலையோடு அனுப்பிவைக்கிறார். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்கும் அந்தப் பயணத்தில் ஆழ்வார்க்கடியான் சண்டை போட்டுக்கொண்டு அறிமுகமாகிறான். குடந்தை ஜோதிடர் வீட்டில் குந்தவையும் வானதியும். கோடிக்கரையில் பூங்குழலி. நாவலின் பெயருக்கே உரிய அருள்மொழிவர்மரை வந்தியத்தேவன் நேரில் பார்ப்பதே இரண்டாம் பாகத்தில், ஈழத்தில்தான். ஊருக்கு ஓர் அறிமுகம், அறிமுகத்துக்கு ஓர் அடையாளம். பெரிய பழுவேட்டரையரின் உடலிலிருந்த அறுபத்து நான்கு விழுப்புண்களை ஒருமுறை படித்தவர் பிறகு மறப்பதில்லை.

இந்த வித்தை கல்கிக்கு முன்பே நம் தெருக்கூத்தில் இருந்தது. மகாபாரதத்தில் வருகிறவர்களை எண்ணி முடிக்க முடியாது. ஆனால் ஓர் இரவுக்கு ஒரு கூத்துதான்: துகிலுரிதல் என்றால் அதற்குரியவர்கள் மட்டும். ஒவ்வொருவரும் இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று, தான் யாரென்று பாடி, பிறகே வெளியே வருகிறார். நடுவில் கட்டியங்காரன் விசாரித்துச் சபைக்கு அறிமுகம் செய்கிறான். கதையில் எத்தனை பேர் என்பது ஒரு கேள்வி. ஒரே நேரத்தில் களத்தில் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி. இன்று வரும் பல நாவல்கள் இரண்டாவது கேள்வியை மறந்துவிடுகின்றன. ஒரே அத்தியாயத்தில் ஒன்பது பேர் பேசுகிறார்கள். பேச்சை மட்டும் படித்தால் யார் குரல் யாருடையது என்று தெரிவதில்லை.

கூட்டம் சேர்த்தால் கடன் சேரும். ‘பொன்னியின் செல்வன்’ முடிந்த பிறகும் அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்டார்கள். கல்கி முடிவுரை எழுதி அந்தக் கடனை அடைத்தார். மணிரத்னம் அதே கதையை 2022, 2023இல் இரண்டு படங்களாக எடுத்தபோது இன்னொரு வழியைத் தேர்ந்தார். நாவலில் அரசி செம்பியன் மாதேவியின் மகனாக அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகன் ஒருவன். அவளுடைய உண்மையான மகனாகிய, பூ விற்கும் சேந்தன் அமுதன் இன்னொருவன். படத்தில் இந்த ஆள்மாறாட்டம் இல்லை. மதுராந்தகன் ஒருவனே. நாவலை நேசித்தவர்களுக்கு வருத்தம் இருந்திருக்கும், அது நியாயமும்கூட. ஆனால் அந்த ரகசியம் உடையும்போது ஒரு தாயின் தவிப்பையும் இரண்டு இளைஞர்களின் நிலைகுலைவையும் காட்ட நேரம் வேண்டும். நேரம் இல்லாத இடத்தில் அந்த உறவுச் சிக்கலைக் குறைத்தது சரியான முடிவு.

அசோகமித்திரனின் ‘கரைந்த நிழல்கள்’ இதற்கு நேர் எதிர். தொடக்கத்தில் நாம் பின்தொடரும் நடராஜன் பிறகு மையத்தில் இருப்பதில்லை. வேறு வேறு ஆட்கள் முன்னுக்கு வருகிறார்கள். ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்த அசோகமித்திரனுக்குச் சினிமாத் தொழில் மனிதர்களை எப்படி விழுங்குகிறது என்பது தெரியும். ஆட்கள் காணாமல் போவதே அந்த நாவலின் பொருள் என்பதால் கூட்டம் அங்கே பொருந்துகிறது.

புதிதாக எழுதுபவர் தன் கதையில் இதை எப்படிச் சோதிப்பது? பூர்வீக வீட்டை விற்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். வயதான அப்பா, மூன்று மகன்கள். மூன்று பேரும் விற்கத்தான் சொல்கிறார்கள் என்றால் ஒரு மகன் போதும். ஒருவன் கடனுக்காக விற்கச் சொல்கிறான், ஒருவன் அம்மா செத்த வீடு என்று மறுக்கிறான், மூன்றாமவன் எதுவுமே பேசாமல் இருக்கிறான் என்றால் மூவரும் தேவை. பேசாதவன் எல்லோரையும்விடத் தேவை. அதோடு, வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் ஒருத்தி. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் அவளுக்கும் பங்கு உண்டு. வீட்டில் நடந்த பேச்சு எதிலும் அவளை யாரும் கேட்கவில்லை. பத்திரப்பதிவு அலுவலகத்துக்குக் கையெழுத்துப் போட மட்டும் வரச் சொல்லியிருக்கிறார்கள். பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். அண்ணன்கள் மூவரும் அதற்கு ஒரே பதிலைச் சொன்னால், எழுத்தாளர் அன்றிரவே இரண்டு பேரை அடித்துவிட்டு முதல் பக்கத்திலிருந்து மறுபடி எழுதலாம்.