சிசு மரணம் தலைவிதியா?

மாதம் நிறையாமல் பிறந்த குழந்தை மூச்சுத் திணறிச் செத்துப்போனால் நம் வீடுகளில் என்ன சொல்கிறார்கள்? “கொடுத்து வைத்தது அவ்வளவுதான்” என்கிறார்கள். மருமகள் மீது பழி போடுகிறவர்களும் உண்டு. ஆண்டவன் எழுத்து என்று அழுது தீர்க்கிறவர்களும் உண்டு. அந்தத் தாய் ஏழாம் மாதத்தில் எங்கே, எத்தனை மணி நேரம், என்ன வேலை செய்தாள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

தோழர்களே! அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஏன் என்பதை விஞ்ஞானமே சொல்கிறது.

கருப்பையில் இருக்கும்வரை குழந்தை காற்றைச் சுவாசிப்பதில்லை. நச்சுக்கொடி வழியாகத் தாயின் ரத்தமே அதற்குப் பிராணவாயுவைத் தருகிறது. பிறந்த மறுகணம் அதன் நுரையீரல் தானே விரிந்தாக வேண்டும். நுரையீரலுக்குள் எண்ணற்ற சிறு காற்றுப் பைகள் இருக்கின்றன. நனைந்த துணியின் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஈரமான இந்தப் பைகளும் அப்படித்தான் சுருங்கி ஒட்டப் பார்க்கும். ஒட்டாமல் காப்பதற்கு நுரையீரலே ஒரு வழுவழுப்பான பொருளைச் சுரக்கிறது. டாக்டர்கள் அதைச் சர்ஃபாக்டண்ட் என்பார்கள். கர்ப்பத்தின் 24ஆவது வாரம் வாக்கில் இது சுரக்கத் தொடங்குகிறது. போதிய அளவு சேர்வதற்கு 34, 35 வாரமாகும். அதற்கு முன்பே பிறந்துவிட்ட குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் மல்லாட வேண்டியிருக்கிறது. விலா உள்வாங்குகிறது, குழந்தை முனகுகிறது, உடல் நீலம் பாய்கிறது.

இந்தப் பொருள் இல்லாததே வியாதிக்குக் காரணம் என்பதை 1959ல் அமெரிக்காவில் மேரி எலன் ஏவரி என்ற பெண் டாக்டரும் ஜெரி மீட் என்பவரும் எடுத்துக் காட்டினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 1963 ஆகஸ்டு 7ந் தேதி, அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான். ஐந்தரை வாரம் முந்திப் பிறந்த குழந்தை. செல்வத்துக்குக் குறைவில்லை, டாக்டர்களுக்கும் குறைவில்லை. இருந்தும் 39 மணி நேரத்தில் அந்தக் குழந்தை இதே வியாதியால் இறந்தது. காரணம் தெரிந்திருந்தது, பரிகாரம் அன்று உலகில் யாரிடமும் இல்லை.

பரிகாரம் ஓர் ஆட்டுக்குட்டியிடமிருந்து கிடைத்தது. நியூஜிலாந்தில் கிரஹாம் லிக்கின்ஸ் என்ற டாக்டர், பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று செம்மறி ஆடுகளிடம் ஆராய்ந்து வந்தார். ஸ்டெராய்டு மருந்து செலுத்திய குட்டி ஒன்று, பிழைக்கவே முடியாத அளவுக்கு முன்னதாகப் பிறந்தும், மூச்சு விட்டது. மருந்து நுரையீரலை முன்கூட்டியே பக்குவப்படுத்திவிட்டது என்று அவர் கண்டுகொண்டார். பிறகு ராஸ் ஹோவி என்ற டாக்டருடன் சேர்ந்து 282 கர்ப்பிணிகளிடம் சோதித்து, 1972ல் முடிவை வெளியிட்டார். ஊசி போடாத தாய்மார்களின் குழந்தைகளில் 100க்கு 15 முதல் வாரத்திலேயே மடிந்தன. ஊசி போட்டவர்களிடத்தில் 100க்கு 3தான் மடிந்தன.

இது எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் உடனே போயிருக்க வேண்டாமா? போகவில்லை. டாக்டர்களிடையே சந்தேகமும் தயக்கமும் நீடித்தன. அமெரிக்காவின் தேசிய சுகாதார ஸ்தாபனம் நிபுணர்களைக் கூட்டி, இதைப் பரவலாகக் கொடுக்கலாம் என்று பரிந்துரை செய்தது 1994ல்தான். இடையில் 22 ஆண்டுகள்! புது மருந்து, கொழுத்த விலை என்றால் வாசல்தோறும் கம்பெனி ஏஜெண்டுகள் நிற்கிறார்கள். சில ரூபாய் விலையுள்ள பழைய ஊசிக்கு எந்த முதலாளி பிரசாரம் செய்வான்?

பிறந்த பிறகு செய்யும் வைத்தியமும் உண்டு. இடைவிடாமல் காற்றழுத்தம் கொடுத்து, பைகள் சுருங்காமல் பிடித்து வைக்கும் முறையை 1971ல் ஜார்ஜ் கிரிகரி என்ற டாக்டர் உலகுக்குத் தெரிவித்தார். குழாயின் மறுமுனையைத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி விடச்செய்யும் எளிய கருவியாலேயே இதைச் செய்யலாம். சர்ஃபாக்டண்டையே மருந்தாக நுரையீரலுக்குள் செலுத்தலாம் என்பதை 1980ல் ஜப்பானிய டாக்டர் புஜிவாரா காட்டினார். ஆனால் அது ஆயிரக்கணக்கில் விலையுள்ள மருந்து. அமெரிக்க முற்றுகைக்கு நடுவிலும் சோஷலிஸ்ட் கியூபா, பன்றியின் நுரையீரலிலிருந்து அதைத் தன் நாட்டிலேயே தயாரித்துக்கொண்டது. மனமிருந்தால் மார்க்கம் உண்டு.

இங்கே நிலைமை என்ன? 2020ல் உலகில் பிறந்த குறைமாதக் குழந்தைகள் 1 கோடியே 34 லட்சம். அதில் சுமார் 30 லட்சம் இந்தியாவில் பிறந்தவை. எந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை. அதே ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம், இந்தியா உள்ளிட்ட ஐந்து ஏழை நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் நடத்திய சோதனையின் முடிவு வெளியாயிற்று. குறைமாதப் பிரசவம் நெருங்கும் 25 தாய்மாருக்கு டெக்சாமெதசோன் ஊசி போட்டால் ஒரு சிசு கூடுதலாகப் பிழைக்கிறது. ஆனால் ஊசி மட்டும் போதாது. பச்சிளங் குழந்தையைப் பராமரிக்கும் வசதி குறைந்த பகுதிகளையும் சேர்த்து ஊசியைப் பரப்பிப் பார்த்தபோது பலன் இல்லை, பாதகமே நேர்ந்தது என்று 2015ல் வெளியான மற்றொரு சோதனை எச்சரித்தது. ஊசியோடு காற்றழுத்தக் கருவியும், தேர்ந்த நர்சும், கதகதப்பான படுக்கையும் இருந்தாக வேண்டும்.

இந்திய சர்க்கார் 2014ல் வெளியிட்ட நெறிமுறைப்படி, 24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவம் நெருங்கினால் 12 மணிக்கு ஒன்றாக நான்கு ஊசி போட வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புமுன் கிராம நர்சே முதல் ஊசியைப் போடலாம். ஊசி நன்றாக வேலை செய்ய ஒரு நாளாவது வேண்டும். வலி எடுத்தவள், பனிக்குடம் உடைந்தவள், ரத்தக் கொதிப்பு ஏறி முகமும் கையும் வீங்கியவள் அன்றே ஆஸ்பத்திரி போய்ச் சேர வேண்டும். ஷிப்டு முடியட்டும் என்று மேஸ்திரி நிறுத்தி வைத்தால், அவன் திருடுவது குழந்தையின் மூச்சை!

இப்போது வாரக் கணக்கைப் பாருங்கள். 1961ன் பிரசவ சகாயச் சட்டம், பேறுகாலத்துக்கு முந்திய ஆறு வாரத்துக்கும் முன்பு வரும் ஒரு மாதத்தில், கர்ப்பிணி கேட்டுக்கொண்டால் கடினமான வேலையோ நீண்ட நேரம் நிற்கும் வேலையோ தரக்கூடாது என்றது. அது சுமார் 30 முதல் 34 வாரம். நுரையீரல் பக்குவப்படும் அதே வாரங்கள்! நீண்ட நேரம் நிற்பதும், பாரம் தூக்குவதும், இரவு ஷிப்டும் குறைமாதப் பிரசவ அபாயத்தைக் கூட்டுகின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் ரிங் பிரேமுக்கு நடுவே ஷிப்டு முழுதும் நடக்கும் பெண்ணுக்கு இப்படி ஓர் உரிமை இருப்பதை எந்த மானேஜர் சொல்லியிருக்கிறான்? 2017ல் சம்பளத்துடன் கூடிய லீவு 26 வாரமாயிற்று. அதுவும் 80 நாள் வேலை காட்டினால்தான். காண்டிராக்டு கூலிக்கு யார் கணக்கு எழுதுகிறார்கள்?

விவசாயத் தொழிலாளிப் பெண்ணுக்கோ லீவு என்ற பேச்சே இல்லை. குனிந்து நாற்று நட்டால் கூலி, நடாவிட்டால் பட்டினி. கர்ப்பிணிகளில் 100க்கு 52 பேர் ரத்தசோகை உள்ளவர்கள் என்று 2019-21ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பே சொல்கிறது. தமிழ்நாட்டில் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலுள்ள திட்டம் தரும் ரூ.18,000 உதவிதான்; ஆனால் கடைசி மூன்று மாதக் கூலிக்கு அது ஈடாகுமா?

ஆகவே சங்கங்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும். கூலி, போனஸ் போலவே இதுவும் சங்கத்தின் பிரச்னைதான். ஏழாம் மாதம் முதல் உட்கார்ந்து செய்யும் இலகுவான வேலை, சம்பளக் குறைவின்றி. வலி எடுத்தால் அந்த நிமிஷமே விடுவிப்பு. கிராமப் பெண்ணுக்குக் கடைசி மூன்று மாதம் முழுக் கூலி. ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் ஊசியும், காற்றழுத்தக் கருவியும், இரவிலும் பகலிலும் நர்சும். இவையே நம் கோரிக்கைகள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் பிரசவமும், நோயுற்ற சிசுவின் வைத்தியமும், வாகனமும் இலவசம் என்று 2011 முதல் திட்டம் இருக்கிறது. எவனாவது காசு கேட்டால் தனியாகக் கெஞ்சாதீர்கள். சங்கத்தோடு போய்க் கேளுங்கள்.

1963ல் ஜனாதிபதியின் பிள்ளைக்குக் கிடைக்காத பரிகாரம் இன்று கூலிக்காரியின் பிள்ளைக்குச் சில ரூபாயில் கிடைக்கும். கிடைக்கும் பரிகாரத்தைக் கொடுக்காமல் சாகவிட்டால் அதற்குப் பெயர் விதி அல்ல, அநீதி. விதியோடு போராட முடியாது. அநீதியோடு போராட முடியும். போராடுவோம்!