இரண சிகிச்சையும் விரைந்த தேறுதலும்

நெடுநாள் வழங்கி வந்தது என்னும் காரணம் ஒன்றையே கொண்டு ஒரு வழக்கத்தை நன்றென்று கொள்ளுதல் அறிவுடைமையாகாது. குடலிற் செய்யப்படும் இரண சிகிச்சையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

பெருங்குடலின் ஒரு பகுதியை வெட்டி நீக்குங்கால், நோயாளரை முன்னாள் இரவு முதலே பட்டினியிருத்துவதும், பின்னர் மூக்கின் வழியே இரைப்பைக்குக் குழாய் செலுத்தி, வாயு பிரியுமளவும் ஆகாரம் மறுத்துப் படுக்கையிற் கிடத்துவதும் சென்ற நூற்றாண்டில் எங்கும் பரவிய முறைகளாம். தைத்த குடலுக்கு ஓய்வு வேண்டும் என்பதே இவற்றுக்குக் கூறப்பட்ட நியாயம்.

டென்மார்க்கு தேசத்து இரண வைத்தியராகிய ஹென்ரிக் கேலெட் என்பார், நோயாளரைப் படுக்கையில் நிறுத்துவன யாவை என ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். நோவு, குமட்டல், குடலின் அசைவின்மை, தளர்ச்சி என்பனவே அவை. இவற்றுட் பலவற்றை அப்பழைய வழக்கங்களே வளர்த்தன! ஒரு மருந்தாலன்று, பல சிறு செயல்களை ஒருங்கே செய்தலாலேயே தேறுதல் விரையும் என்று 1997இல் அவர் எழுதினார். சிகிச்சைக்கு 2 மணி நேரம் முன்வரை தெளிந்த பானம் அருந்தலாம். குடலை மந்தப்படுத்தும் அபின் இனத்து மருந்துகளைக் குறைத்து, முதுகெலும்பினருகே மருந்து செலுத்தி நோவைத் தணிக்கலாம். நரம்பில் ஏற்றும் உப்பு நீரை மிகாமற் காக்கலாம். அன்றே எழுந்து உட்காரவும் பருகவும் செய்யலாம். அவர் குழுவினர் 60 நோயாளரைப் பற்றி 2000இல் வெளியிட்ட அறிக்கையில், சிகிச்சைக்குப் பின் தங்கிய காலம் நடுவளவாக 2 நாளே. பின்னர் இம்முறையைப் பரப்புதற்கென 2010இல் ஒரு சங்கமும் தோன்றிற்று.

இது படுக்கைகளை விரைவிற் காலி செய்யும் சூழ்ச்சியே என்பாரும் உளர். அவ்வச்சம் முற்றும் வீணன்று. கேலெட் குழுவினரின் நோயாளருள்ளும் சிலர் மருத்துவமனைக்குத் திரும்பவே நேர்ந்தது. ஆதலின், வீடு செல்லும் நாளை நாட்காட்டி தீர்மானித்தல் கூடாது. நோயாளர் உண்கின்றாரா, நடக்கின்றாரா, மாத்திரையளவில் நோவு அடங்கிற்றா, வீட்டிற் பேணுவாரும் ஐயுற்றபோது வினவ வைத்தியரும் உளரா என்பனவே தீர்மானிக்க வேண்டும். செலவு குறைதல் இதன் பயனாகலாம், நோக்கமாதல் தகாது. தாதியரும் முன்கூட்டிய விளக்கமுமின்றி நாட்களை மட்டும் குறைப்பது இம்முறையாகாது. அதன் பெயரால் நிகழும் புறக்கணிப்பேயாம்.

மாணவ நண்பர்காள்! வைத்தியம் பயில்வார்க்கு மட்டுமன்று, யாவர்க்கும் இதிற் பாடமுண்டு. இரக்கத்தாற் செய்வதும் சில வேளை தீங்காய் முடியும். ஆராய்ச்சியோடு கூடிய இரக்கமே உண்மையான தொண்டாகும்.